அரசர் கன்னத்துக் கீறல்

அத்தியாயம் 9

வெள்ளியங்கிரி தராசை மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். பழைய வெள்ளிக்காசை ஓரம் பிடித்து எடுத்து மெல்ல வைத்தார். 2.84 கிராம்.

எடுத்தார். தராசுத் தட்டைத் துடைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்ப வைத்தார். 2.84.

நோட்டுப் புத்தகத்தில் அவர் கையெழுத்தில், ஆறு வருஷத்துக்கு முந்தைய தேதியில், 2.91 என்று இருந்தது. அதற்குக் கீழே, 'அரசர் கன்னத்தில் காதிலிருந்து வாய் வரை மெல்லிய கீறல்' என்றும் இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தார். மூன்றாம் வில்லியம் அரசர் மழமழவென்ற கன்னத்தோடு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளி தேயும். அது அவருக்குத் தெரியும். ஆனால் கீறல் ஆறுமா?

பிப்ரவரி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை முதன்முதலில் பார்த்தபோது விளக்கு வெளிச்சம் சரியில்லை என்று நினைத்தார். மறுநாள் கண்ணாடி சரியில்லை என்று நினைத்தார். மூன்றாம் நாள் சேகரிப்புத் தட்டிலிருந்த மற்ற காசுகளையும் எடுத்து நோட்டோடு ஒப்பிட்டார். ஆறில் மூன்று ஒத்துப்போகவில்லை. அன்று முதல் அவர் சந்தேகப்பட்டது காசுகளை இல்லை.

அண்ணன் கிட்டுசாமிக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. பொள்ளாச்சியில் தோட்டத்துக்கு எத்தனை மணிக்குத் தண்ணி விட்டோம் என்று மறந்தார். பிறகு தோட்டத்துக்குப் போகும் வழியை மறந்தார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கண் மூடியபோது, கட்டின மனைவியைப் பார்த்து, "அம்மணி, நீங்க யாரூட்டுப் பொண்ணு?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுத்தான் போனார்.

வெள்ளியங்கிரிக்கு இப்போது வயது அறுபத்தொன்று.

யாரிடமும் சொல்லாமல் நரம்பு டாக்டரிடம் தேதி வாங்கியிருந்தார். கிடைக்க இரண்டரை மாதம் ஆனது. இன்றைக்குத்தான், மத்தியானம் இரண்டரைக்கு.

"ஏனுங்க, காபி ஆறுது!" என்று கீழேயிருந்து வசந்தாமணி குரல் கொடுத்தாள்.

அவர் அந்தக் காசைச் சின்ன உறையில் போட்டுச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினார்.

சமையலறை ஜன்னல் வழியாக பிரின்ஸ்டன் ஜங்ஷனுக்குப் போகும் ரயிலின் சத்தம் கேட்டது. வசந்தாமணி தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவள். அவளிடம் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. அண்ணனின் கடைசி நாட்களில் அண்ணி உட்கார்ந்திருந்த கோலம் நினைவுக்கு வந்ததும் வார்த்தை உள்ளே போய்விட்டது.

"கொஞ்சம் வெளிய போய்ட்டு வர்றேன். ஹார்டுவேர் கடைக்கு. கராஜ்ல அந்த ஷெல்ஃபுக்கு ஸ்க்ரூ வாங்கோணும்."

"எப்ப வருவீங்க?"

"நாலு மணி ஆயிரும்."

"ஸ்க்ரூ வாங்கறதுக்கா?"

"அப்படியே லைப்ரரியும் போகோணும்."

அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை, ஏதோ பயம் இருந்தது. "காசுக் கடைப் பக்கம் போறீங்களா?" என்றாள்.

"இல்ல. எதுக்குக் கேக்கற?"

"சும்மாதான்." அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

எதற்காகக் கேட்டாள் என்று அவருக்குப் புரியவில்லை. சமீப காலமாகப் புரியாதவை அதிகமாகிக்கொண்டே வந்தன. இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டு காரை எடுத்தார்.

*

காசுக் கடைக்குத்தான் போனார்.

கிங்ஸ்டனில், ரூட் 27 ஓரத்தில், முடிவெட்டும் கடைக்கும் பீட்சா கடைக்கும் நடுவில் இருக்கிறது கார்மைனின் கடை. கார்மைனுக்கு எழுபது தாண்டிவிட்டது. வெள்ளியங்கிரி என்ற பெயர் முதல் நாளே அவர் வாயில் நுழையவில்லை. அது கோயமுத்தூர்ப் பக்கத்து மலை, சிவன் இருக்கும் இடம், பேரிலேயே வெள்ளி இருக்கிறது என்று இவர் விளக்கியதும், "அப்ப நீ சில்வர்!" என்று கை கொடுத்தார். பதினோரு வருஷமாக அந்தக் கடையில் அவர் சில்வர்தான்.

குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் இன்ஜினீயராக இருந்தவருக்கு இங்கிலாந்து அரசர்களோடு என்ன சம்பந்தம் என்று கோவிலில் நண்பர்கள் கேலி செய்வார்கள். அவரைப் பிடித்து வைத்தது அரசர் இல்லை, ஒரே ஒரு வருஷம். 1696.

அதற்கு முன்னால் இங்கிலாந்தில் புழங்கிய வெள்ளிக்காசுகளில் பெரும்பாலானவை கையால், சுத்தியால் அடித்துச் செய்தவை. ஓரம் ஒழுங்காக இருக்காது. ஆளாளுக்குக் கத்தரியால் ஓரத்தைக் கொஞ்சம் நறுக்கிக்கொண்டு மீதியைச் செலவழித்தார்கள். நறுக்கிய துணுக்கையெல்லாம் உருக்கினால் தனி வெள்ளி. பிடிபட்டால் தூக்கு. அப்படியும் விடவில்லை. கடைசியில் காசு பாதி எடைக்கு வந்து, சந்தையில் ஆளுக்கு ஆள் தராசு தூக்கும் நிலைமை ஆயிற்று. அரசாங்கம் பழைய வெள்ளி மொத்தத்தையும் திரும்ப வாங்கி, உருக்கி, இயந்திரத்தில் புதிதாக அடித்தது. லண்டன் மட்டும் போதாதென்று ஐந்து ஊர்களில் தற்காலிக நாணயச்சாலைகள் திறந்தார்கள். எந்த ஊரில் அடித்தது என்று தெரிய அரசர் தோளுக்குக் கீழே ஓர் எழுத்து. பிரிஸ்டலுக்கு B, செஸ்டருக்கு C, எக்ஸெட்டருக்கு E, நாரிச்சுக்கு N, யார்க்குக்கு y. லண்டன் காசில் எழுத்தே இருக்காது. இதற்கெல்லாம் ஆன நஷ்டத்தை ஈடுகட்ட வீட்டு ஜன்னல்களுக்கு வரி போட்டார்கள். வால்நட்சத்திரத்துக்குப் பேர் கொடுத்த ஹேலி செஸ்டர் நாணயச்சாலையில் வேலை பார்த்தார். நியூட்டன் லண்டனில் கள்ள நாணயக்காரர்களைத் துரத்திக்கொண்டிருந்தார்.

ஊருக்கு ஒன்றாக ஆறு சிக்ஸ்பென்ஸ் காசுகளைச் சேர்க்க வெள்ளியங்கிரிக்கு ஒன்பது வருஷம் ஆனது. ஒவ்வொன்றின் எடையும் தழும்பும் அவருக்கு மனப்பாடம். மனப்பாடம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கடைக்கு அவர் மூன்று மாதமாக வரவில்லை. 'இந்தக் காசையும் நீதானே வாங்கிட்டுப் போனே, மறந்துட்டியா?' என்று கார்மைன் கேட்டுவிட்டால் அப்புறம் சந்தேகத்துக்கே இடமில்லை. இன்றைக்கு டாக்டரிடம் போய் உட்கார்வதற்கு முன்னால் தெரிந்துகொண்டுவிடுவது என்று வந்துவிட்டார்.

உறையைக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தார். "கார்மைன், இதைக் கொஞ்சம் பார். நாரிச். இது உன்கிட்ட வாங்கினதா?"

கார்மைன் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டார். காசைத் திருப்பினார். அவர் முகம் மாறியது.

"ஆமா. என்கிட்ட இருந்ததுதான்."

"எப்ப?"

"ஜனவரி கடைசி. இல்லாட்டி பிப்ரவரி முதல் வாரம்."

வெள்ளியங்கிரிக்குக் கண்ணாடிப் பெட்டி லேசாக நகர்ந்தாற்போல் இருந்தது. விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நான் வந்தேனா? நானா வாங்கினேன்?"

கார்மைன் காசை மறுபடி திருப்பிப் பார்த்தார்.

"கார்மைன், எனக்கு ஞாபகம் இல்ல. சுத்தமா ஞாபகம் இல்ல. நான் எந்தச் சட்டை போட்டிருந்தேன்? என்ன பேசினேன்? நல்லா இருந்தேனா?"

"சில்வர், உட்காரு."

"சொல்லு."

"நீ வரலப்பா!" கார்மைன் லென்ஸைக் கீழே வைத்தார். "நீ வரல. வேற ஒருத்தர் வந்தாங்க. யாருன்னு சொல்லமாட்டேன்னு வாக்கு கொடுத்திருக்கேன். அழுதுகிட்டு நின்னாங்க. இத்தனை வருஷத்துல இந்தக் கடையில அழுத முதல் ஆள்." அவர் காசை உறையில் போட்டு நீட்டினார். "வீட்டுக்குப் போய் உன் பொண்டாட்டிகிட்ட பேசு."

*

வண்டி ரூட் 27-ல் எப்படித் திரும்பியது, எந்த சிக்னலில் நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை. வசந்தாமணி காசுக் கடைக்கு வந்தாள் என்பதே மனதில் உட்கார மறுத்தது. காசைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் கறிவேப்பிலை ஆய எழுந்து போகிறவள் அவள். அவள் எதற்கு நாரிச் சிக்ஸ்பென்ஸ் வாங்க வேண்டும்? வாங்கியவள் அதைக் கொண்டுவந்து தன் தட்டில் ஏன் வைக்க வேண்டும்? அப்படியானால் தன்னுடைய நாரிச் எங்கே?

விற்றுவிட்டாளா? யாருக்காக? மகள் ரோஷினிக்கு சான் ஹோசேயில் ஏதாவது பிரச்னையா? இல்லை, இதெல்லாம் ஏற்கெனவே தனக்குச் சொல்லப்பட்டு, தான்தான் மறந்துவிட்டோமா?

இந்தக் கடைசிக் கேள்வி வந்ததும் மற்ற கேள்விகள் எல்லாம் அடங்கிப்போயின.

வீட்டுத் தெருவில் திரும்பும்போதே பார்த்துவிட்டார். வசந்தாமணி டிரைவ்வேயில் நின்றுகொண்டிருந்தாள். வெளியே போகக் கட்டும் நீலப் புடவை. கையில் ஹேண்ட்பேக். கண்கள் சிவந்திருந்தன.

கார் நின்றதும் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். சீட் பெல்ட்டைப் போட்டாள்.

"போலாம்" என்றாள்.

"எங்கே?"

"டாக்டர்கிட்ட. வீட்டு நம்பருக்கு போன் பண்ணினாங்க. ரெண்டரை மணி அப்பாயின்ட்மென்ட் கன்ஃபர்ம் பண்றோம்னாங்க. நியூராலஜின்னாங்க. நேரா அங்க போயிருவீங்களோன்னு வாசல்லயே நின்னேன்." ஹேண்ட்பேக்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். "மறதிக்குப் பாக்கறோம்னு சொன்னாங்க. எனக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களாங்க?"

வெள்ளியங்கிரி இன்ஜினை அணைத்தார். பையிலிருந்து உறையை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"நீ எனக்கு ஒரு வார்த்தை சொன்னியா?"

வசந்தாமணி உறையைப் பார்த்தாள். பிறகு அவள் அழுத அழுகை, அண்ணன் இறந்த செய்தி வந்தபோதுகூட அவர் பார்க்காதது.

"பொங்கலுக்கு..." என்று ஆரம்பித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "பொங்கலுக்கு முன்னாடி நீங்க ரோஷினி வீட்டுக்குப் போயிருந்தீங்க இல்லீங்க? சாமி சாமானெல்லாம் தேச்சேன். குத்துவிளக்கு, குங்குமச்சிமிழு, எல்லாம் புளி போட்டு. அப்பத்தான் உங்க காசு ஞாபகம் வந்துச்சு. எல்லாம் கறுத்துப்போய்க் கெடக்குதே, பளபளன்னு வெச்சா உங்களுக்கு சந்தோஷமா இருக்கும்னு..."

"புளியா!" என்றார் வெள்ளியங்கிரி.

"புளி போட்டு, அப்பறம் திருநீறு போட்டு."

அவர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். முந்நூறு வருஷக் காற்றும் ஆயிரம் பேர் கையும் சேர்ந்து போட்ட கறுப்பு. அதைத் தேய்த்துவிட்டால் காசு செத்தது என்று சொல்வார்கள் சேகரிக்கிறவர்கள்.

"நூறு தடவ சொல்லியிருக்கேனே, தேய்க்கக் கூடாது, துணியால தொடைக்கக்கூடக் கூடாதுன்னு!"

"நீங்க காசைப் பத்திப் பேசும்போது நான் தலையாட்டுவேன். அதையெல்லாம் கேட்டேன்னா நெனச்சீங்க?"

அவர் தலையிலிருந்து கைகளை எடுத்தார்.

"மூணு தேச்சு முடிச்சு, போட்டோ எடுத்து ரோஷினிக்கு அனுப்பினேன். அவ ஆபீஸ்ல இருந்து போன்ல கத்தினா பாருங்க. 'அம்மா, ஸ்டாப்! வாட் டிட் யூ டூ?'ன்னு. அப்பறம் அவதான் நெட்ல தேடி ரெண்டு ஊருக் காசு கண்டுபுடிச்சா. இந்த N போட்டது மட்டும் எங்கயும் கெடைக்கல. அந்தக் கார்மைன்கிட்டப் போய் நின்னேன். உங்க துண்டுச் சீட்டையெல்லாம் அப்படியே அடியில வெச்சு, காசை மட்டும் மாத்தினேன். உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சேனுங்க."

"தெரிஞ்சுது."

"அப்ப ஏன் கேக்கல?"

"நான்தான் மறந்துட்டேன்னு நெனச்சேன், வசந்தா."

அவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். மூன்று மாதமாக அவர் மாடியில் தராசோடு உட்கார்ந்திருந்தது, சாப்பாட்டில் பேசாமல் இருந்தது, இரவில் புரண்டது எல்லாவற்றுக்கும் அப்போதுதான் அவளுக்கு அர்த்தம் தெரிந்தது.

"எம்பட நாக்கு அழுகிப்போகோணும்" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஹேண்ட்பேக்கைத் திறந்து கைக்குட்டை முடிச்சு ஒன்றை எடுத்தாள். "அரிசி டப்பாக்குள்ள வெச்சிருந்தேன். இன்னைக்குச் சொல்லிரோணும்னு எடுத்தேன்."

முடிச்சை அவிழ்த்தால் மூன்று காசுகள், நேற்று வாங்கிய எவர்சில்வர் கரண்டி மாதிரி கண்ணைக் கூச வைத்தன. வெள்ளியங்கிரி N போட்டதை எடுத்தார். வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தார். அரசரின் காதிலிருந்து வாய் வரை ஓடியது கீறல்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "சரியாத்தான் எழுதியிருக்கேன். பாரு, சரியாத்தான் எழுதியிருக்கேன்!"

"கோபம் இல்லீங்களா?"

"இருக்குது. அப்பறம் படறேன். எறங்கு, உள்ள போய்ச் சோறு போடு. டாக்டரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்."

வசந்தாமணி இறங்கவில்லை. "ரெண்டரை மாசம் காத்திருந்து கெடச்சதுன்னு போன் பண்ணின பொண்ணு சொன்னா. கெளம்பினது கெளம்பிட்டோம். ஒரு தடவ போய்ட்டு வந்துரலாங்க. எனக்காக."

*

டாக்டர் சின்னப் பெண்ணாக இருந்தாள். ரோஷினியைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கலாம். வெள்ளியங்கிரி உற்சாகமாகக் காசுக் கதை முழுவதையும் சொன்னார். புளி என்றால் என்ன என்று வேறு விளக்கினார். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தாள். மூலை நாற்காலியில் வசந்தாமணி வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்கள் மனைவியை மன்னித்துவிட்டீர்களா?" என்றாள் டாக்டர்.

"அது கேஸ் நடக்குது" என்றார் அவர்.

"சரி, வந்ததற்கு ஒரு சின்ன டெஸ்ட் பண்ணிவிடலாம். ஐந்து வார்த்தை சொல்வேன். திருப்பிச் சொல்லுங்கள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்பேன். லெட்டர். லெமன். பிரிட்ஜ். வூல். பர்ப்பிள்."

அவர் தடங்கல் இல்லாமல் திருப்பிச் சொன்னார். கடிகாரம் வரைந்து பதினொன்று பத்துக்கு முள் வைக்கச் சொன்னாள். இன்ஜினீயர் கை, கச்சிதமாக வரைந்தது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தார். இன்றைய தேதி, கிழமை, ஊர் எல்லாம் சொன்னார். தேவையில்லாமல் நியூட்டன் பெயரையும் ஒரு தடவை இழுத்தார்.

"நல்லது. அந்த ஐந்து வார்த்தைகள்?"

"லெமன்" என்றார் உடனே. "பிரிட்ஜ். பர்ப்பிள். லெட்டர்."

டாக்டர் பேனாவோடு காத்திருந்தாள்.

அவர் சிரித்துக்கொண்டே ஐந்தாவதைத் தேடினார். அங்கே ஒன்றும் இல்லை. மங்கலாகக்கூட ஒன்றும் இல்லை. சட்டை? கடல்? ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார், எதுவும் பொருந்தவில்லை. சிரிப்பு உதட்டில் அப்படியே நின்றது.

"ஒரு துணி வகை" என்று டாக்டர் துப்புக் கொடுத்தாள்.

"காட்டன்?"

அவள் ஏதோ குறித்துக்கொண்டாள். "ஒரு வார்த்தை விட்டுப்போவது சாதாரணம். இதை வைத்து எதையும் சொல்ல மாட்டேன். உங்கள் அண்ணனுக்கு இருந்தது என்கிறீர்கள். அதனால் ரத்தத்தில் B12, தைராய்டு பார்ப்போம். ஒரு MRI எடுப்போம். மூன்று வாரம் கழித்து வாருங்கள்."

குரல் இதமாகத்தான் இருந்தது. சிரித்த முகம்தான். ஆனால் காசுக் கதையைக் கேட்டபோது சிரித்த சிரிப்பா இது, வேறு சிரிப்பா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

*

பார்க்கிங்கில் வெயில் சுட்டது. இருவரும் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெள்ளியங்கிரி சாவியைத் திருகவில்லை.

"என்ன வார்த்தை அது?" என்றார்.

வசந்தாமணி கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "எந்த வார்த்தை?"

"அஞ்சாவது. நீயும் அங்கதானே உட்கார்ந்திருந்தே."

"எனக்கும் ஞாபகம் வரலீங்க."

"நெசமாவா?"

"துணின்னு அந்தப் பொண்ணு சொன்னப்பக்கூட எனக்குப் புடிபடல. அவ வேகமா வேற சொல்றா. நமக்கு யாருக்குங்க இதெல்லாம் ஞாபகம் இருக்கும்?"

அவருக்கு நெஞ்சில் ஏதோ இளகியது. அவளுக்கே தெரியவில்லையா? அப்படியென்றால் பயப்பட ஒன்றுமில்லை. ரெண்டு பேருக்கும் வயசாகிறது, அவ்வளவுதான்.

"மத்த நாலு?" என்றார் திடீரென்று.

"ம்?"

"மத்த நாலும் உனக்கு ஞாபகம் இருக்குதா?"

அவள் விரல் விட்டாள். "லெட்டர். லெமன். பிரிட்ஜ்..." நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். "பர்ப்பிள்."

வெள்ளியங்கிரி அவள் முகத்தையே பார்த்தார். அந்த ஒரு நொடி அவள் தேடினாளா, இல்லை வாய் வரை வந்த எதையோ விழுங்கினாளா? நான்கு மாதம் அரிசி டப்பாவில் மூன்று காசை வைத்துக்கொண்டு, தினமும் எதிரே உட்கார்ந்து காபி கொடுத்த முகம். அப்போதெல்லாமும் அது இப்படியேதான் இருந்தது.

"வசந்தா, என் கண்ணைப் பார்த்துச் சொல்லு. உனக்குத் தெரியாதா?"

அவள் திரும்பினாள். "ஏனுங்க, நான் உங்ககிட்ட என்னைக்காவது பொய்..."

வாக்கியம் பாதியில் நின்றது. அவள் அவர் கையிலிருந்த சாவியை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் வாங்க" என்றாள். "நான் ஓட்டறேன்."